ஈர இலை அடைத்த பை

ஈர இலையைக் காகிதப் பையில் அடைக்கக் கூடாது. ஒஹையோவில் எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இது தெரியும். நன்றாக வெயிலில் காயவிட்டுத்தான் வாரி அடைத்து வாசலோரம் வைப்போம். செவ்வாய்க்கிழமை நகராட்சி லாரி வந்து எடுத்துப் போகும். நான் இதில் தப்புச் செய்ததே இல்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

என் முற்றத்தில் மரமே கிடையாது. பக்கத்து வீட்டில் தனியாக இருந்த ஆர்வில் பெரியவரின் மேப்பிள் மரம்தான், அக்டோபர் பிறந்ததும் என் புல்தரை முழுக்கக் கொட்டும். வாரிவிட்டு நிமிர்ந்தால் மறுபடி கொட்டியிருக்கும். அவர் காபியோடு உட்கார்ந்து, "இந்த வருஷம் நிறம் நல்லா வந்திருக்கு, இல்ல நடீன்?" என்பார். வாரித் தருவதாகச் சொல்வார், வர மாட்டார். எண்பது வயதுக்காரரிடம் அதை எதிர்பார்த்ததே தவறு என்று இப்போது தெரிகிறது. அப்போது எரிச்சல்தான் இருந்தது.

நான் கல்நெஞ்சக்காரி இல்லை. அவர் முதுகுவலியில் கிடந்தபோது சூப் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அப்படிப் போன ஒருநாள்தான், பின்வாசலில் மேலிருந்து இரண்டாவது படி உளுத்துவிட்டது, தாண்டிக் கால் வை என்று எச்சரித்தார். அவரும் பார்த்துப் பார்த்துத்தான் இறங்குவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தேவாலயத்துக்குப் போயிருந்தபோது, அவர் இலைகளை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் முற்றம் பெரியது, எங்கேயும் கொட்டியிருக்கலாம். பின்படியில் கொட்டினேன். படியே தெரியாத அளவுக்குக் கொட்டினேன். மத்தியானம் பறவைகளுக்குத் தீனி வைக்க அந்த வழியாகத்தான் இறங்குவார். தூறல் போட்டது. நல்லதுதான், இலை பறக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் விழுந்த சத்தம் என் சமையலறையில் கேட்டது. போய்ப் பார்த்தேன். இலைக்குள் மல்லாந்து கிடந்தார். தலைக்குப் பின்னால் ரத்தம். என்னைக் கண்டதும் முகம் தெளிந்தது.

"நல்லவேளை வந்தே. இந்த இலை படியையே மறைச்சிடுச்சு. நேத்தே கூட்டியிருக்கணும், என் சோம்பேறித்தனம். யாரையாவது கூப்பிடும்மா."

கூப்பிடத்தான் இருந்தேன். ஆனால் ஆம்புலன்ஸ்காரர்கள் படியைப் பார்ப்பார்கள். காற்று அத்தனை இலையை ஒரே இடத்தில் குவிக்காது என்று எங்கள் ஊரில் யாருக்கும் புரியும். படியை மட்டும் சுத்தம் செய்துவிடலாம் என்று பைகளை எடுத்து வந்தேன்.

மேல் படியிலிருந்து வாரத் தொடங்கினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அது கெடக்கட்டும்மா. நாளைக்கு நானே வாரிக்கறேன். எப்பவும் என் இலையால உனக்குத்தான் தொந்தரவு."

அதற்குப் பிறகு என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கத்தில் இன்னும் வேகமாக வாரினேன். கையைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னேன். நகர்த்திக் கொடுத்தார். அடியில் இருந்ததையும் வாரினேன்.

கடைசிப் பையின் வாயை மடித்தபோது அவர் பேச்சு நின்றிருந்தது. பைகளை என் வாசலோரம் வரிசையாக வைத்தேன். கை கழுவினேன். பிறகு போன் செய்தேன், இப்போதுதான் பார்த்தேன் என்று. மறுநாள் எதிர்வீட்டு டோரீன் என்னைக் கட்டிக்கொண்டு, அந்த மனுஷனுக்குப் பெற்ற மகள் மாதிரி நீ இருந்தாய் என்று அழுதாள். அந்த அழுகையை எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை லாரிக்காரர் தூக்கியபோது, ஈரத்தில் ஊறிய பையின் அடி பிய்ந்து எல்லாம் தெருவில் கொட்டியது. நீங்கள் மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அந்தச் செருப்பும் விழுந்தது. அவர் காலிலிருந்து எப்போது கழன்றது என்று நான் கவனிக்கவில்லை.

சாகட்டும் என்று விட்டுவிட்டாயா என்று கேட்கிறீர்கள். மற்றதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: அவரைத் தனியாக விடவில்லை, கடைசிவரை நான் பக்கத்திலேயேதான் இருந்தேன்.