மூன்று தட்டு

வாக்குமூலம் எழுதக் கோடு போட்ட தாள் கேட்டேன். கொடுத்தீர்கள், நன்றி மேடம். கோடில்லாத தாளில் என் வரிகள் மலையேறிவிடும். எங்கள் ஊர்ப் பள்ளியில் எதை முன்னால் எழுதுவது, எதைப் பின்னால் எழுதுவது என்று கண்டிப்பாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் யார் என்பது. பாடுவதும் பாட்டு எழுதுவதும் எல்வெட். கிதார் மெய்ரிக். ட்ரம்ஸ் நான், இத்வால். மூவரும் ஒரே வகுப்பு. வடக்கு வேல்ஸில், கற்சுரங்கம் மூடிப்போன ஊரில் பதினாறு வயதுப் பையனுக்கு ஒன்று டயர் கடை, இல்லாவிட்டால் மழை. நாங்கள் இசைக்குழு தொடங்கினோம். முதல் ஆல்பம் வெல்ஷ் மொழியில். தேவாலயத்துப் பெரியவர்கள்கூட வாங்கினார்கள். இரண்டாவது ஆங்கிலத்தில்; லண்டன் தரவரிசையில் பதினான்காம் இடம்வரை போனது. ஊரில் பாதிப்பேர் எங்களோடு பேச்சை நிறுத்தினார்கள், மீதிப்பேர் டிக்கெட் கேட்டார்கள்.

ஒத்திகை, சுரங்கத்தின் பழைய வெடிமருந்து அறையில். மூன்றடிக் கல் சுவர், இரும்புக் கதவு, ஜன்னல் கிடையாது. எல்வெட் சோம்பேறி, எழுத உட்கார்ந்தால் மதுக்கடைக்கு நழுவிவிடுவான். பூட்டிவைக்கும் யோசனை அவனுடையதே. "சாவிய நீயே வச்சிக்கடா இத்வால். நான் கெஞ்சினாலும் தெறக்காத. மூணு தட்டு தட்டினா பாட்டு முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்றான். கோழியைக்கூட இப்படி அடைக்கு வைக்கமாட்டார்கள் என்று மெய்ரிக் சிரித்தான். இரண்டு ஆல்பமும் அப்படித்தான் வந்தன.

மூன்றாவதற்கு ஒன்பது பாட்டு ஆகியிருந்தபோது, இந்த ஜனவரியில், எங்கள் ஆல்பம் போடும் லண்டன் கம்பெனி எல்வெட்டை மட்டும் தனியாகப் பாட அழைத்தது. போனால் போகட்டும் என்று மெய்ரிக் ஸ்பெயினில் இருக்கும் அக்காள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டான். எனக்குப் போக இடமில்லை. பதினோரு வருடம் எல்வெட்டின் முதுகைப் பார்த்தே வாசித்தவன் நான். அந்த முதுகு விலகினால் எதிரே தெரிவது டயர் கடை. அடைபட்டுக் கிடந்தது யார் என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் எல்வெட் தன் பாட்டு நோட்டை எடுத்துப்போக அந்த அறைக்கு வந்தான். லண்டன் ரயில் நாலரைக்கு. அவன் உள்ளே போனதும் சாவியைத் திருப்பினேன். பத்தாவது பாட்டை முடித்துவிட்டுப் போ என்றேன். சிரித்தான். "பழைய வெளையாட்டாடா? சரி, டீயாவது போடு."

நாலரைக்குப் பிறகு சிரிக்கவில்லை. கதவை இடைவிடாமல் அடித்தான். அதை எண்ண முடியாது.

சனிக்கிழமை சரியாக மூன்று தட்டு. படிக்கச் சொன்னேன். முதல் ஆல்பத்தின் இரண்டாம் பாட்டையே சொல்லை மாற்றிப் படித்தான். என்னையே ஏமாற்றப் பார்த்தானே என்று மனம் நொந்துபோனது. ஞாயிறன்று கதவின் அடியில் ஒரு தாள் வந்தது. என் பெயர் மட்டும், பதினோரு முறை. பல்லவியாக்கலாமா என்று முழங்காலில் தட்டிப் பார்த்தேன். தாளத்தில் உட்காரவில்லை.

தண்ணீர் கொடுத்தாயா என்று கேட்டீர்கள். உள்ளே ஃப்ளாஸ்கில் பாதி டீ இருந்தது. ஹீட்டருக்கு மின்சாரம் என் வேனிலிருந்து போக வேண்டும். கதகதப்பானால் தூங்கிவிடுவான், அதனால் இணைக்கவில்லை. நான் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கவில்லை. தினமும் மதியம் அந்தக் குளிரில் கதவருகே நாற்காலி போட்டு இருந்தேன்.

திங்களன்று அவன் குரல் கதவின் அடியிலிருந்து வந்தது. "குளுருதுடா இத்வால். நான் எங்கயும் போகல. ஒங்கூடவே இருக்கேன்."

கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கெஞ்சினாலும் திறக்காதே என்று சொன்னவனும் அவன்தான்.

செவ்வாய் மதியம் இரண்டு தட்டு கேட்டது. மெதுவாக, ஆனால் இடைவெளி சுத்தமாக இருந்தது. நான் எழுந்து சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன். வியாழனன்று நீங்கள் வந்து சாவியைக் கேட்டபோதும் அது என் கையில்தான் இருந்தது. இன்னும் ஒரு தட்டு பாக்கி, மேடம், என்றுதான் சொன்னேன்.