இரத்தத்தில் தலைவர் நாற்காலி இல்லை

மாலைகளின் பாரத்தால் மெல்லக் குனிந்து வீற்றிருக்கும் மாட்சிமை பொருந்திய தலைவர் அவர்களே! அவருக்கு வலப்பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் சுகாதார சங்கத்தின் காரியதரிசியாகவும், இடப்பக்கம் இராஜபாளையம் சுகாதார சங்கத்தின் காரியதரிசியாகவும், ஒருவர் முகத்தை ஒருவர் பாராத உறுதியோடு அமர்ந்திருக்கும் திருவாளர்கள் கண்ணுச்சாமி, இருளப்பசாமி ஆகியோரே! வெயில் தாழுமுன்னே வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட பெரியோர்களே! வன்னியம்பட்டியிலிருந்தும் வ. புதுப்பட்டியிலிருந்தும் களை வெட்டிய கையோடு நடந்து வந்து, உட்கார இடமின்றி வண்டிகளின் மேல் ஏறி அமர்ந்திருக்கும் என் அருமைத் தாய்மார்களே! இந்த மடவார் வளாகத்துக் கோயில் மணலில் கூடியிருக்கும் உங்கள் அனைவரையும், உங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவாகிய பரிபூரணம் கைகூப்பி வணங்குகிறேன்.

இரண்டு ஊர்ச் சங்கங்களும் இன்று ஒன்றாக இணைகின்றன. அந்த இணைப்பு விழாவில், "புரதங்கள் ஒன்றோடொன்று கொள்ளும் உறவும் அதன் பயனும்" என்ற தலைப்பில் நான் பேசுவேன் என்று நோட்டீஸ் போட்டிருக்கிறார்கள். சோடாக்கடை விளம்பரத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் என் பெயரும் இருக்கிறது. சோடாவை முதலில் குடித்துவிட்டு என்னைப் பிறகு கேளுங்கள் என்பது சங்கத்தாரின் கருணை.

புரதம் என்றால் என்ன? முட்டையின் வெள்ளைக்கருவில் இருப்பது புரதம். பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரண்டு நிற்பது புரதம். உங்கள் தசையில் புரதம், தோலில் புரதம், இரத்தத்தில் புரதம். ஏன், நம் தலைவர் அவர்கள் முறுக்கி வைத்திருக்கும் மீசையும் புரதமே! சிரிக்காதீர்கள் தாய்மார்களே, அவர் தடவிப் பார்த்துக்கொள்கிறார்.

ஒவ்வொரு புரதமும் தனக்கென்று ஒரு வடிவத்தில் மடிந்து கிடக்கிறது, பெட்டியில் மடித்து வைத்த சேலையைப் போல. அந்த மடிப்பும் வளைவும் எதனோடு பொருந்துமோ, அதைக் கண்டால் கவ்விக்கொள்கிறது. பொருந்தாததை விட்டு விலகிப் போகிறது. ஊர் கேட்பதில்லை, பேர் கேட்பதில்லை, குலம் கேட்பதில்லை, கோத்திரம் கேட்பதில்லை. பொருத்தம் ஒன்றைத்தான் அது கேட்கிறது.

கதிர் அறுக்கையில் அரிவாள் விரலில் பட்டுவிடுகிறது. இரத்தம் வருகிறது, செத்த நேரத்தில் நின்றும் விடுகிறது. எப்படி நிற்கிறது? காயம் பட்டதும் ஒரு புரதம் விழித்து அடுத்ததைத் தொடுகிறது. அடுத்தது அதற்கு அடுத்ததை எழுப்புகிறது. கடைசியில் ஒரு புரதம் நூல் நூலாகத் திரண்டு காயத்தை அடைத்துவிடுகிறது. அதற்குக் கூட்டம் போட்டார்களா? தீர்மானம் போட்டார்களா? நம் சங்கங்களைப் போல இரத்தமும் நடந்துகொண்டால் என்னவாகும்? "அழைப்பிதழ் வராமல் நான் அடுத்தவரைத் தொடமாட்டேன்" என்று ஒரு புரதம் சொல்லும். "போன கூட்டத்தில் எனக்கு மாலை போடவில்லை, நான் உறையமாட்டேன்" என்று இன்னொன்று முறுக்கிக்கொள்ளும். நன்றியுரை முடிவதற்குள் நாம் செத்துக் கிடப்போம்! ஆண்டவன் இரத்தத்துக்குள் தலைவர் நாற்காலி போடாமல் விட்டதால்தான் இன்று இங்கே இத்தனை பேர் உயிரோடு உட்கார்ந்திருக்கிறோம்.

இந்த ஒழுங்கைக் கெடுக்கத்தான் கண்ணாடி விரியன் வருகிறது. அதன் நஞ்சிலும் புரதம் உண்டு. அது காயமே இல்லாத இடத்தில் நம் புரதங்களைத் தட்டி எழுப்புகிறது. உறைய வேண்டியதெல்லாம் ஓடும் இரத்தத்திலேயே உறைந்து வீணாகிறது. பிறகு பல் ஈறிலே இரத்தம் கசிந்தால்கூட அதை அடைக்க ஆள் இல்லை. அந்த நஞ்சுக்கு மாற்று எது? மந்திரமா? மண்ணா? மயிலிறகா? குதிரை, பெரியோர்களே, குதிரை! குதிரைக்குச் சிறுகச் சிறுக நஞ்சை ஏற்றினால், நஞ்சைக் கவ்விப் பிடிக்கும் புரதத்தை அதன் உடம்பே செய்துகொள்கிறது. அதன் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிநீர்தான் மருந்து. அது நம் உடம்பில் இறங்கியதும் நஞ்சைத் தேடிப் பிடித்துக் கட்டிக்கொள்கிறது. கட்டுண்ட நஞ்சால் வேறெதையும் தொட முடிவதில்லை.

சென்ற மாசி மாதம் வன்னியம்பட்டி வெள்ளத்தாய் சோளத்தட்டை அறுத்துக்கொண்டிருந்தாள். விரியன் காலில் கடித்துவிட்டது. அவள் புருஷன் மாரிசாமி அவளைக் குதிரை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு உச்சிவெயிலில் என்னிடம் வந்து சேர்ந்தான். மருந்து ஆஸ்பத்திரியில் இல்லை. ஆஸ்பத்திரியில் வைத்தால் வருகிறவர்களுக்குக் காட்டிப் பெருமைப்பட முடியாதே! அது ஸ்ரீவில்லிபுத்தூர் சங்கத்துக் கண்ணாடி அலமாரியில் இருந்தது. அதே வண்டியில் அவளோடு சங்கத்துக்குப் போனேன்.

"கண்ணுச்சாமி அண்ணாச்சி, பாம்பு மருந்த எடுங்க!" என்றேன்.

"இந்தா இருக்குல்லா டாக்டரம்மா! எம்புட்டுப் பக்குவமா வச்சிருக்கேன் பாருங்க."

வாங்கிப் பார்த்தேன். தெளிந்த நீராக இருக்க வேண்டிய மருந்து, குழாய்க்குள் திரிந்த பாலாகக் கட்டி கட்டியாக நின்றது.

"என்ன செஞ்சீங்க இத?"

"குதிரை ரெத்தம்னு சொன்னாவ. அப்படியே ஏத்துனா ஆசாரம் என்னாவுறது? அதான் துளசியப் போட்ட தண்ணியில வச்சு நல்லாக் கொதிக்க விட்டு எறக்கிட்டேன். காலரா வந்தப்ப, காய்ச்சாம எதையும் தொடாதியன்னு நம்ம சங்கந்தானே தமுக்கடிச்சுது? ஊருக்குச் சொன்னத நாம செய்ய வேண்டாமா?"

சொன்னதைச் செய்யும் காரியதரிசி நாட்டிலேயே இவர் ஒருவர்தான். அவர் செய்த அந்த ஒரு காரியமும் இப்படி ஆயிற்று! கண்ணுச்சாமி அண்ணாச்சி, கோபிக்காதீர்கள். வெந்த முட்டையை ஆறவைத்தால் பச்சை முட்டையாகுமா? சூடு பட்டதும் புரதத்தின் மடிப்புக் குலைந்துவிடுகிறது. ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு கட்டியாகிறது. பிறகு நஞ்சே எதிரில் வந்து நின்றாலும் அதைப் பிடிக்கக் கையில்லை. கிருமியைக் கொல்லும் கொதிநீர் மருந்தையும் கொன்றுவிட்டது.

அடுத்த மருந்து இராஜபாளையத்தில் இருந்தது. இங்கே சங்கத்தார் சிலர் என்னைத் தடுத்தார்கள். "அந்த ஊருக்காரவிய கிட்டப் போயி நிக்கணுமா?" என்று கேட்டார்கள். நான் நிற்கப் போகவில்லை ஐயா, ஓடத்தான் போனேன். வண்டியில் வெள்ளத்தாய், அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு மாரிசாமி, பக்கத்தில் நான். வழியிலேயே அவள் ஈறில் இரத்தம் கசியத் தொடங்கிவிட்டது. துடைக்கத் துடைக்க வந்தது.

இராஜபாளையம் சங்கத்தார் மருந்தைக் காய்ச்சவில்லை, கலைக்கவில்லை, கையால் தொடவும் இல்லை. பஞ்சுக் கிட்டங்கியின் குளிர்ந்த கல் அறையில், பெட்டியில் வைத்து, பட்டு ரிப்பன் கட்டி, பத்திரமாகப் பாதுகாத்தார்கள். ஆகா, அறிவாளிகள் என்று கைதட்டப் போகிறீர்களா? அவசரப்படாதீர்கள்.

"அம்மா, தெறப்பு விழா இன்னும் ஆகலையே!" என்றார் இருளப்பசாமி அவர்கள். "பெரிய அதிகாரி ஒருத்தர் வாரேன்னு சொல்லியிருக்காவ. அவிய வந்து ரிப்பன வெட்டுனாத்தான் பெட்டிய தெறக்கலாம். அதுக்கு முந்தி நாங்க தெறந்தோம்னா மரியாதையா இருக்குமா?"

மாரிசாமி அவர் காலில் விழுந்தான். "ஐயா, அவ பல்லுல ரெத்தம் வருதுய்யா! அவ செத்துப் போயிட்டா நான் என்ன செய்வேன்?"

இருளப்பசாமி அவர்கள் கல்நெஞ்சர் அல்லர். கண் கலங்கிற்று. ஆனாலும் ரிப்பனைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், அதிகாரி வருகிறாரா என்று தெருவையும் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"ரிப்பன் வெட்டப் பெரிய மனுஷர் வேணும், அம்புட்டுத்தானே?" என்றேன். "வந்திருக்காவ. வெளிய வண்டியில படுத்திருக்காவ."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வெள்ளத்தாயின் மடியில் வைத்தேன். கத்திரியை அவள் விரல்களில் மாட்டி, அவள் கையை என் கையால் மூடி, ரிப்பனை வெட்டினேன். பின்னால் ஒரு சத்தம் கேட்டது. என்னவென்று நினைக்கிறீர்கள்? பழக்கதோஷத்தால் இருளப்பசாமி அவர்கள் கைதட்டினார்! இல்லையென்று சொல்லச் சொல்லுங்கள், இங்கேதானே இருக்கிறார்.

மருந்தை நரம்பில் ஏற்றினேன். எங்கேயோ கட்டிக்கிடந்த ஒரு குதிரையின் புரதம், இந்த இரண்டு ஊரில் எந்த ஊர் பெரிதென்று விசாரிக்காமல், ஒரு கூலிக்காரியின் இரத்தத்தில் புகுந்து விரியனின் நஞ்சைக் கட்டியது. மறுநாள் ஈறில் இரத்தம் நின்றது. நாளாக நாளாக மூச்சும் முகமும் தெளிந்தன. அவள் பிழைத்தாள். அதோ, அந்தக் கூண்டு வண்டிமேல் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். கைதட்டுங்கள், அவளுக்குக் கைதட்டுங்கள்!

போதும். இப்போது அவள் வலக்காலைப் பாருங்கள். பெருவிரல் இல்லை. கடித்த இடத்தில் சதை செத்துக் கறுத்துவிட்டது. என் கையாலேயே அறுத்து எடுத்தேன். அவள் வந்த வேளையிலேயே மருந்து கிடைத்திருந்தால் அந்த விரலைக் காக்க முயன்றிருப்பேன். அந்த விரலைத் தின்றது யார்? பாம்பு மட்டுமா? நம் ஆசாரம் அல்லவா? நம் அகங்காரம் அல்லவா? நம் அலங்கார ரிப்பன் அல்லவா? எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு, இந்த இணைப்பு விழாவில் வாசிக்கப்போகும் தீர்மானம் என்ன தெரியுமா? புதிதாக வந்திருக்கும் பாம்பு மருந்துப் பெட்டிக்கு மூன்று பூட்டாம்! ஒரு சாவி தலைவரிடம், ஒன்று இந்த ஊர்க் காரியதரிசியிடம், ஒன்று அந்த ஊர்க் காரியதரிசியிடம். மூவரும் சேர்ந்து வந்தால்தான் பெட்டி திறக்கும். மூவரும் சேர்ந்து ஒரு காப்பி குடித்ததைப் பார்த்தவர் யாராவது இந்தக் கூட்டத்தில் உண்டா? என்ன அண்ணாச்சி, ஏதோ சொல்கிறீர்களே? "ரெண்டு பூட்டாவது இருக்கட்டும்" என்கிறீர்களா? இருளப்பசாமி அவர்களும் தலையாட்டுகிறாரே! சபையோரே, இரண்டு சங்கமும் இப்போதுதான் உண்மையில் இணைந்தன!

நான் கேட்பது ஒன்றே. அந்தப் பெட்டி பூட்டில்லாமல் ஆஸ்பத்திரியில் இருக்கட்டும். ஈர மணலில் புதைத்த பானைக்குள், குளிர்ச்சியாக, எந்த வேளையும் கைக்கெட்டும்படி இருக்கட்டும். இதை நான் சொன்னால் அதிகப்பிரசங்கம் என்பீர்கள். விரல் கொடுத்தவளையே கேட்போம். வெள்ளத்தாயி, பெட்டிக்கு எத்தனை பூட்டுப் போடலாம்? கேட்கவில்லை, உரக்கச் சொல்லு!

பின்னால் நிற்பவர்களுக்காக நானே திருப்பிச் சொல்கிறேன். "அம்புட்டுப் பூட்டையும் கொண்டுபோயி மொதல்ல பாம்பு வாயில போடச் சொல்லுங்கம்மா, பொறவு பெட்டிக்குப் பாப்போம்" என்கிறாள்!

தலைவர் அவர்களே, தீர்மானத்தை வாசிக்குமுன் அவளுக்குப் பதில் சொல்லுங்கள். அந்தப் பதில் வரும்வரை நாங்கள் யாரும் கலையப் போவதில்லை. உட்கார்ந்தும் நின்றும் என் சொல்லைக் கேட்ட சபையோருக்கும், என்னைப் பேசவிட்டுவிட்டு இப்போது வருந்திக்கொண்டிருக்கும் இரு சங்கத்தாருக்கும், காடு கழனியில் செருப்பின்றி நடக்கும் என் தாய்மார்களின் கால்களுக்கும் என் நன்றி. வணக்கம்.