ஆறாவது கட்டி

டெய்லர்: அசையாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? பிளாஸ்டர் முடியோட சேர்ந்து வருது.

டிரைவர்: முடிய விட்டுட்டு பிளாஸ்டர மட்டும் எடேன்.

டெய்லர்: அதுக்குத் தனிக் கூலி. கால நீட்டுங்க... குப்புறப் படுத்துக்கிட்டு எதுக்கு இப்படித் தலையத் தூக்கித் தூக்கிப் பாக்கறீங்க?

டிரைவர்: பஸ் ஓட்டறவன் பின்னாடி என்ன வருதுன்னு பாக்க வேணாமா? இங்க கண்ணாடியும் இல்ல.

டெய்லர்: பின்னாடி உங்க தொடைதான் இருக்கு. வேற வண்டி ஒண்ணும் வரல.

டிரைவர்: கிளவுஸ் போட்டியா?

டெய்லர்: போட்டாச்சு. அதுக்கு முன்னாடி கையும் கழுவியாச்சு. பழைய கட்டுத் துணியக் கவர்ல போட்டு இறுக்கிக் கட்டியாச்சு. ஒரு வருஷமா கட்டு மாத்தறவளுக்கே பாடமா?

டிரைவர்: சரி, சரி. எப்படி இருக்கு?

டெய்லர்: ம்...

டிரைவர்: ம்ன்னா?

டெய்லர்: இருங்க, பாத்துட்டுதானே சொல்லணும். டாக்டரம்மா சுத்திப் போட்ட பேனாக் கோட்டுக்கு உள்ளயே இருக்கு சிவப்பு. ஒரு இஞ்ச் சுருங்கியிருக்கு. சீழும் இல்ல.

டிரைவர்: டெய்லர் சொன்னா அளவு தப்பாது. அப்ப திங்கக்கிழமை டூட்டிக்குப் போயிடலாம்.

டெய்லர்: அத டாக்டரம்மா சொல்லட்டும். கழுத்துல வந்தப்ப இப்படித்தான் அவசரப்பட்டீங்க. நீங்களே பிதுக்கி விட்டீங்க. மூணு நாள் மாத்திரை போட்டதும் வத்திடுச்சுன்னு மீதிய அலமாரில போட்டீங்க. அக்குள்ல வந்தப்ப அந்த மீதிய எடுத்து முழுங்கினீங்க. பத்தாததுக்கு கண்டக்டர் வேற மாத்திரை கொடுத்தாரு.

டிரைவர்: அவன் பாவம், நல்ல எண்ணத்துல...

டெய்லர்: அது அவருக்குப் பல்லு வலிக்குக் கொடுத்த மாத்திரைங்க!

டிரைவர்: கட்டிக்கு அதெல்லாம் தெரியுமா?

டெய்லர்: தெரிஞ்சிருக்கே! அரைகுறையா போட்டுப் போட்டு கிருமிக்கு மருந்தே பழகிப் போச்சு, வழக்கமான ஆன்டிபயாடிக் எதுவும் இத அசைக்காதுன்னு டாக்டரம்மா சொல்லல? சீழ எடுத்து டெஸ்டுக்கு அனுப்பி, அதுக்கப்புறம்தானே இந்த மாத்திரையே கிடைச்சுது.

டிரைவர்: குப்புறக் கிடக்கறவனத் திட்டறியே.

டெய்லர்: திட்டல... எரியுதா?

டிரைவர்: இல்ல. உன் கை பட்டா எரியாது.

டெய்லர்: நாப்பத்தெட்டு வயசுல பேச்சப் பாரு.

டிரைவர்: ஒண்ணு கேக்கவா?

டெய்லர்: கேளுங்க.

டிரைவர்: கதவுக்குப் பின்னால பை எதுக்கு?

டெய்லர்: எந்தப் பை?

டிரைவர்: நாலு புடவையும் உன் கண்ணாடிக் கூடும் எட்டிப் பாக்குதே, அந்தப் பை.

டெய்லர்: அதுவா... அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வரலாம்னு. அண்ணிக்கு முட்டி வலியாம். கூட ஒரு ஆள் இருந்தா தேவலன்னு...

டிரைவர்: எத்தனை நாளைக்கு?

டெய்லர்: ஒரு... ரெண்டு மாசம்.

டிரைவர்: உங்க அண்ணி நேத்து சாயங்காலம் எனக்கு போன் பண்ணாங்க. மாடிப்படி ஏறிக்கிட்டே பேசினாங்க. மூச்சு வாங்கிச்சே தவிர முட்டியப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. டெய்லரம்மா?

டெய்லர்: பிளாஸ்டர் வெட்டிக்கிட்டிருக்கேன்.

டிரைவர்: கத்திரிச் சத்தம் கேக்கலியே. நான் ஹால்ல படுக்கறேன்னு கோவமா?

டெய்லர்: எதுக்குக் கோவம்? முதுகு வலி, கட்டில் ஒத்துக்கலன்னு நீங்கதானே சொன்னீங்க.

டிரைவர்: ஆமா, சொன்னேன்.

டெய்லர்: முதுகு வலிக்காரர் எட்டு வாரமா தரையில சுருண்டு கிடப்பாரு, நான் நம்பணும். துண்டு தனி, சோப்பு தனி, போர்வை தனி. டி.வி. பாக்க உக்காந்தாலும் ரெண்டு ஆள் தள்ளி. எனக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னு பாக்கறீங்கன்னு தெரியாதா எனக்கு? அதான்... அதத்தான் என்னால தாங்க முடியல.

டிரைவர்: ஏய்... அழறியா? இரு, நான் எழுந்து...

டெய்லர்: எழுந்திருக்காதீங்க! இன்னும் ஒட்டி முடிக்கல.

டிரைவர்: கிளவுஸோட கண்ணத் தொடைக்காத.

டெய்லர்: தோள்லதான் தொடைச்சுக்கறேன்.

டிரைவர்: என்னம்மா? சொல்லு. நான் சுவத்தப் பாத்துக்கிட்டிருக்கேன், உன் முகம் எனக்குத் தெரியாது. சொல்லிடு.

டெய்லர்: அன்னிக்கு லேப்ல, இந்தக் கிருமி ஒளிஞ்சிருக்கான்னு பாக்க ரெண்டு பேர் மூக்குலயும் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்தாங்கல்ல...

டிரைவர்: ஆமா. நீ தும்மின தும்மல்ல அந்தப் பொண்ணு சுவரோரம் ஒதுங்கிச்சு.

டெய்லர்: சிரிக்க வைக்காதீங்க. ரிசல்ட் என்னன்னு கேட்டீங்க. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லியாம்னு சொன்னேன்.

டிரைவர்: ம்.

டெய்லர்: பொய். உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்ல. எனக்கு இருக்கு. உங்க கட்டியில இருந்த அதே கிருமி, என் மூக்குல. போன்ல வந்ததும் படிச்சுட்டு அழிச்சுட்டேன். எனக்கு ஒரு பரு கூட வரல. ஜம்முனு மெஷின் மிதிச்சுக்கிட்டிருக்கேன். நீங்க கழுத்து, அக்குள், முதுகுன்னு ஆறு கட்டி... ஒரு வாட்டி ஆஸ்பத்திரில படுத்துக் கீறி எடுத்தாங்க. எனக்கு வந்துடுமோன்னு நீங்க தரையில படுக்கறீங்க, கொடுத்தவ நான் மெத்தையில படுக்கறேன்.

டிரைவர்: கொடுத்தது நீதான்னு யாரு சொன்னது?

டெய்லர்: வேற யாரு? வீட்ல இருக்கறதே ரெண்டு பேரு.

டிரைவர்: டிப்போ ரூம்ல ஒரே போர்வைய எத்தனை டிரைவருங்க போத்திக்கறோம் தெரியுமா? அவசரத்துல அடுத்தவன் ரேசரால ஷேவ் பண்ணியிருக்கேன். நான் கொண்டு வந்து உனக்குக் கொடுத்தேனோ என்னமோ. யார்கிட்டேருந்து யாருக்குப் போச்சுன்னு டாக்டராலயே சொல்ல முடியாது.

டெய்லர்: ஆறுதலுக்குச் சொல்றீங்க.

டிரைவர்: நிஜமாத்தான். எத்தனையோ பேர் மூக்குல அது சத்தமில்லாம குடியிருக்குமாம். அவங்களுக்கே தெரியாதாம். அழுக்கும் இல்ல, குத்தமும் இல்ல.

டெய்லர்: இருந்தாலும்... நான் ரெண்டு மாசம் கண்ணுல படாம இருந்தா ஏழாவது வராதுல்ல?

டிரைவர்: நீ போனா மூக்க மட்டும் இங்க வச்சுட்டா போவ? அண்ணிக்கு நிஜமாவே வரும். முட்டியிலயே.

டெய்லர்: சீ! வாயக் கழுவுங்க... பாவி மனுஷன், சிரிப்பு வருது.

டிரைவர்: வரட்டும். மூக்குல போடற களிம்பு இன்னிக்கு எத்தனாவது நாளு?

டெய்லர்: அஞ்சு. சாயங்காலம் போட்டா முடிஞ்சுது. மருந்து சோப்புக் குளியலும் இன்னியோட சரி. நகம் ஒட்ட வெட்டியாச்சு. விரிப்பு, துண்டெல்லாம் தினம் சுடு தண்ணியில துவைச்சுட்டேன். கதவுப் பிடி, கத்திரிப் பிடி, மெஷின் சக்கரம் வரைக்கும் தொடைச்சேன்.

டிரைவர்: அப்புறம் என்ன? அதுக்கு மேல என்ன செய்ய முடியும்? மறுபடி வந்தா மறுபடி பாப்போம். தொட்டுப் பாத்துட்டு வீட்ல வச்சுக்காம, அன்னிக்கே டாக்டர்கிட்ட போவோம்.

டெய்லர்: அது இல்லீங்க. ரிசல்ட் எப்படி இருந்தாலும் ரெண்டு பேருமே மூக்குல போடணும்னு டாக்டரம்மா சொன்னாங்கன்னு நீங்க வந்து சொன்னீங்கல்ல... அப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு. உங்ககிட்ட சொல்லாமலே மருந்து போட்டுக்கலாமேன்னு. என் புத்தியப் பாருங்க. அஞ்சு நாளா உங்க எதிர்ல நின்னு அதே கண்ணாடியில பாத்துப் போட்டுக்கிட்டேன், வாயத் திறக்கல.

டிரைவர்: ஒட்டி முடிச்சியா?

டெய்லர்: முடிச்சாச்சு. ஓரமெல்லாம் நல்லா படிஞ்சிருக்கு. திரும்புங்க... மெதுவா... என்ன அப்படிப் பாக்கறீங்க? ஏமாத்திட்டேன்ல? ஏதாவது சொல்லுங்களேன்.

டிரைவர்: டாக்டரம்மா அப்படிச் சொல்லவே இல்ல. லேப்ல பேப்பர் வாங்கப் போனவன் நான்தானே... அதப் படிச்சுட்டுதான் அவங்ககிட்டயே போனேன். குளியல் ரெண்டு பேருக்கும், களிம்பு உனக்கு மட்டும்னாங்க. அவ தனியா போட்டா தன்னாலதான்னு உருகிடுவா, எனக்கும் ஒரு டியூப் எழுதுங்கன்னு கெஞ்சிப் பாத்தேன். தேவையில்லாதவன் போட்டா கிருமிக்கு இதுவும் பழகிடும்னு விரட்டிட்டாங்க. அஞ்சு நாளா உன் பக்கத்துல நின்னு நான் மூக்குல தடவிக்கிட்டது வெறும் வாசலின்டி.