படுக்கவைத்த கம்பத்தை நிமிர்த்தாதீர்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் மணல்மேட்டுக் காப்பகக் குழுத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, முன்வரிசையில் பூக்கூடையை மடியில் வைத்திருக்கும் அண்ணி அவர்களே, அண்ணனின் மகளே, இடம் கிடைக்காமல் வாசல்வரை நிற்கும் தன்னார்வலர்களே, வாராவாரம் நம் மணல்மேடுகளில் நடக்க வரும் அன்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம். நிற்கிறவர்கள் சுவரில் சாய்ந்துகொள்ளுங்கள். நான் சுருக்கமாகப் பேசுகிறவள் இல்லை என்பது ஊரறிந்த விஷயம். இன்றைக்கு ஒரு காரணத்தோடு இன்னும் கொஞ்சம் நீட்டிப் பேசப்போகிறேன்.

என் பேச்சு முடிந்ததும் எல்லாரும் எழுந்து, வடக்குத் தடத்தில் நடந்து, அண்ணன் விழுந்த இடத்தில் பூ வைப்பதாக நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. முன்னால் நடக்கப் போகிறவள் அவருடைய மகள். அதைப் பற்றி நான் பேச வேண்டியிருக்கிறது. அதுவரை தயவுசெய்து யாரும் எழுந்திருக்காதீர்கள்.

யாரை இழந்து நிற்கிறோம் நாம்? அரசுக் காகிதங்களில் அவர் நடைத்தடங்களின் தலைமைக் கண்காணிப்பாளர். எனக்கு அண்ணன், நமக்கெல்லாம் அவர் கம்பத்தார். எப்போது பார்த்தாலும் தோளில் வழிகாட்ட நடும் குறிக்கம்பம் ஒன்று இருந்ததால் வந்த பெயர் அது. அண்ணி ஒருமுறை என்னிடம் சொன்னார்: "கல்யாணமான புதுசுல கம்பம்தான் முதல்ல வீட்டுக்குள்ள நுழையும். மனுஷன் பின்னாடி வருவார். கம்பத்தை வாசல்ல வச்சிட்டு வாங்கன்னு சொல்லிச் சொல்லி என் வாயே வலிச்சுப்போச்சு." பாருங்கள், அண்ணி இப்போதும் சிரிக்கிறார். சிரியுங்கள் அண்ணி, அவருக்கு அதுதான் பிடிக்கும்.

மணல்மேடு ஒரே இடத்தில் உட்காராது. காற்றுக்காலம் ஒவ்வொன்றிலும் அது நகர்கிறது. நேற்று தடம் போன இடத்தில் இன்று சரிவு இருக்கும். அதனால் ஒவ்வொரு காற்றுக்காலம் முடிந்ததும் அண்ணன் எல்லாக் கம்பங்களையும் பிடுங்கி, மண்ணைத் தட்டிப் பார்த்து, புது இடத்தில் நடுவார். நடக்க வருகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். "போன வருஷம் இந்தப் பக்கமாத்தானே சார் போனோம், இப்ப ஏன் சுத்திப் போகச் சொல்றீங்க?" என்பார்கள். அவர் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. "நீங்க அதே பக்கம்தான் வந்திருக்கீங்க. மேடுதான் வேற பக்கம் போயிருச்சு" என்பார். முணுமுணுத்துக்கொண்டே சுற்றித்தான் போவார்கள்.

ஒருமுறை ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, ஒரு வகுப்புப் பிள்ளைகளோடு மேட்டின் மறுபக்கம் இருந்தபோது காற்று கிளம்பிவிட்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை. வரும் வழியில் ஒரு கம்பத்தைக் காற்று சாய்த்துக் கொண்டுபோயிருந்தது. அந்த இடைவெளியில் போய் கம்பத்தார் நின்றார். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, கடைசிப் பிள்ளை கடக்கும்வரை நின்றார். அப்புறம் கண் மருத்துவர் அவர் கண்ணிலிருந்து மணலை எடுக்கும்போது திட்டித் தீர்த்தார். "கம்பம் இல்லாட்டி என்னங்க, திரும்பிப் போகச் சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டார். "அதுங்க கம்பத்தை நம்பித்தானே டாக்டர் நடக்குதுங்க?" என்றார் அண்ணன். அவருடைய பணி முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கும். கம்பம் நின்றால் மனிதர்கள் நடப்பார்கள். கம்பம் நிற்கிற இடத்தில் யாரும் யோசிப்பதில்லை.

ஆகவேதான் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒரு தடத்தை மூட வேண்டுமென்றால் கம்பங்களைப் பிடுங்கி, ஒவ்வொன்றையும் அதனதன் குழிக்குப் பக்கத்திலேயே, தலை கடலைப் பார்க்கும்படி படுக்கவைப்பார். அறிவிப்புப் பலகையும் வைத்துப் பார்த்தார். ஒரே பருவத்தில் மணல் அடித்து எழுத்தெல்லாம் தேய்ந்து வெறும் தகரமாகிவிட்டது. "ஒரேயடியா கம்பத்தைத் தூக்கிட்டுப் போயிட்டா என்ன அண்ணா?" என்று நான் கேட்டேன். "தூக்கிட்டா இங்க தடமே இல்லைன்னு நினைச்சு இன்னொருத்தன் புதுசா ஒண்ணு போடுவான் தங்கச்சி. இது கிடந்தா, இங்க ஒரு வழி இருந்துச்சு, இப்ப வேண்டாம்னு புரியும்" என்றார். நம்மில் பழையவர்கள் எல்லாருக்கும் அது புரியும்.

வடக்குத் தடத்தை அவர் ஏன் மூடினார்? அங்கே மேட்டுக்குப் பின்னால் முன்பு ஒரு தோப்பு இருந்தது. மேடு நகர்ந்து நகர்ந்து அந்தத் தோப்பின் மேலேயே ஏறிவிட்டது. மரங்கள் நின்றபடியே புதைந்தன. உள்ளே ஈரத்தில் மரம் மட்கிப் போகிறது. சுற்றியிருக்கும் மணல் மட்டும் இறுகி நிற்கிறது. மரம் இருந்த இடத்தில் வெறும் பொந்து, ஆள் உயரத்துக்கும் மேலான ஆழத்தில். அதன் வாயில் ஒரு சாண் காய்ந்த மணல் மூடி போல இருக்கும். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. கிணறென்றால் சுவராவது இருக்கும். அண்ணன் கம்பத்தால் தட்டியபோது ஒரு இடத்தில் சத்தம் மாறியது. அன்றே எல்லாக் கம்பங்களையும் படுக்கவைத்துவிட்டு வந்தார். சாயங்காலத் தேநீரைக்கூடக் குடிக்கவில்லை, கோப்பையைப் பிடித்துக்கொண்டு சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்ந்த தன்னார்வலர்கள் சிலர், கம்பங்கள் கிடப்பதைப் பார்த்து, காற்றுதான் சாய்த்துவிட்டது என்று நினைத்தார்கள். கம்பத்தார் பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாக நிமிர்த்தி நட்டார்கள். அவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். உங்களைத் திட்ட நான் இந்த மேடைக்கு வரவில்லை. அன்பினால் செய்தீர்கள். அந்த அன்புதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அன்று மதியம் அலுவலகச் சன்னல் வழியாகப் பார்த்தவர், கம்பங்கள் நிற்பதைக் கண்டார். தடத்தில் ஒரு தம்பதி நடந்துகொண்டிருந்தார்கள். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். "அப்படியே படுங்க, எந்திரிக்காதீங்க, வந்த வழியே உருண்டு போங்க" என்று கத்தினார். அவர்கள் பைத்தியக்காரன் என்று நினைத்திருக்கலாம். நல்லவேளை, படுத்தார்கள், பிழைத்தார்கள், இன்று நடுவரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அண்ணன் அத்தோடு திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. கம்பம் நின்றால் அடுத்த ஆள் வருவான் அல்லவா? ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் படுக்கவைத்துக்கொண்டே போனார். கடைசிக் கம்பத்தருகே குனிந்தார். அந்தத் தம்பதியில் அந்த அம்மா என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "சத்தமே வரலைங்க. குனிஞ்சாரு. அப்புறம் அங்க கம்பம் மட்டும்தான் இருந்துச்சு."

மண் தோண்டும் இயந்திரம் வந்து அவரை வெளியே எடுத்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அந்த இயந்திரம் ஓடிய அதிர்வில் மேடு முழுவதும் அசைந்திருக்கிறது. அன்றிலிருந்து கடல்காற்று ஒரு நிமிடம்கூட ஓயவில்லை. உங்கள் காலடியைப் பாருங்கள். இந்த மண்டபத்தைக் காலையில் பெருக்கினார்கள், நானே பார்த்தேன். இப்போது நாற்காலிக் கால்களைச் சுற்றி மணல் நிற்கிறது.

இன்று காலை இங்கே வருவதற்கு முன்னால் நான் வடக்குத் தடத்துக்குப் போனேன். அண்ணன் உயிரைக் கொடுத்துப் படுக்கவைத்த கம்பங்கள் எல்லாம் நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பூங்கொத்து. இந்த அஞ்சலி நடைக்காக அலங்கரித்திருக்கிறார்கள். கம்பங்களுக்கு இடையே தட்டு அளவில் சின்னச் சின்னப் பள்ளங்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றில் மணல் மெல்ல உள்ளே இறங்கியது.

தலைவர் அவர்களே, சபையில் இதைச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். சற்று முன் தாழ்வாரத்தில் உங்களிடம் சொன்னேன். "ஒரு தடவைதானேம்மா, மெதுவா போய்ட்டு வந்துடலாம். ஜனங்க வந்துட்டாங்க" என்றீர்கள். அந்தத் தடத்துக்கு அண்ணனின் பெயரைச் சூட்டப்போவதாகவும் சொன்னீர்கள். பெயர் வைத்தால் பார்க்க ஆள் வரும் ஐயா. அவர் பெயரைச் சொல்லி அங்கே ஒரு ஆளை வரவழைப்பதா அவருக்கு நாம் செய்யும் மரியாதை?

மகளே, நேற்று நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா கடைசியா நின்ன இடத்தை ஒரே ஒரு தடவை பாக்கணும் அத்தை" என்றாய். உன் தலையைத் தடவிவிட்டு வந்துவிட்டேன். இன்று சொல்கிறேன். நீ அங்கே வைக்கிற முதல் அடியைத் தடுக்கத்தான் உன் அப்பா அங்கே போனார். அது நீ என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். உனக்குப் பதிலாக யார் இருந்திருந்தாலும் போயிருப்பார்.

ஆகவே இந்தச் சபையின் முன்னால் உறுதி சொல்கிறேன். அவருடைய பணியை நான் தொடர்வேன். எல்லாரும் சொல்வது போலப் புதுத் தடம் திறந்து அல்ல. தடங்களின் பொறுப்பில் நான் இருக்கும்வரை வடக்குத் தடம் மூடியே இருக்கும். இன்று காலை தவழ்ந்து போய்க் கம்பங்களைப் பிடுங்கிப் படுக்கவைத்துவிட்டேன். இதோ, என் முழங்கையைப் பாருங்கள். கடைசிக் கம்பத்தை மட்டும் படுக்கவைக்க முடியவில்லை. அதற்குப் பக்கத்தில் கையை ஊன்றியதும் உள்ளங்கைக்கு அடியில் மணல் வழுக்கியது. திரும்பி வந்துவிட்டேன். அந்த ஒன்று மட்டும் பூவோடு நிற்கிறது. சன்னலோரம் நிற்கும் நம் வண்டி ஓட்டுநருக்கு அங்கிருந்தே அது தெரியும். தெரிகிறதல்லவா? தலையாட்டுகிறார்.

நாளைக்கும் அது நிற்கலாம். தூரத்திலிருந்து பார்க்க அழகாகத்தான் இருக்கும். யாரும் போகாதீர்கள். இந்த வழக்கத்தை வீட்டில் சொல்லுங்கள், புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லுங்கள். படுத்துக் கிடக்கிற கம்பத்தை நிமிர்த்தாதீர்கள்.

மகளே, கூடையைக் கீழே வைத்துவிட்டாய். நன்றி. அண்ணி, நீங்களும் உட்காருங்கள். மௌன அஞ்சலிக்கு எழுந்து நிற்பது வழக்கம். இன்று நாம் எல்லாரும் உட்கார்ந்தே செலுத்துவோம்.

என்ன தம்பி? சத்தமாகச் சொல்லுங்கள், பின்னால் கேட்கவில்லை.

ஓட்டுநர் சொல்கிறார், "அக்கா, கம்பத்தைக் காணோம்" என்று.

வாசல் கதவைச் சாத்துங்கள். யாரும் சன்னல் பக்கம் போக வேண்டாம். அப்படியே உட்காருங்கள். அஞ்சலியைத் தொடங்குவோம்.