கூம்புச் சங்கு அட்டை

பகடை உருட்டுவதில் எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை, ஐயா. ஞாயிறு தேவாலயம் முடிந்து, டாரோக் கிழங்கும் பன்றிக்கறியும் சாப்பிட்டுவிட்டு நானும் ஆடுகிறவன்தான். வகுப்பறையில் ஆடுவதுதான் எனக்கு ஆகாது.

சவாயி தீவில் இந்தப் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் அறிவியல் கற்பித்தேன். பெனினா டீச்சர் வந்து ஒரு தவணை முடிவதற்குள் எட்டாம் வகுப்பு அவளிடம் போய்விட்டது. அவள் ஒரு பலகையில் பவளத்திட்டை வரைந்து கட்டம் போட்டாள். பகடை விழும் கட்டத்துக்கு ஓர் அட்டை. ‘கடல் வெள்ளரி: தொடலாம், இரண்டு கட்டம் முன்னே.’ ‘கூம்புச் சங்கு: கொல்லும் விஷம், தொடாதே, ஐந்து கட்டம் பின்னே.’ என்னிடம் தூங்கி வழிந்ததுகள் அங்கே கூரை பறக்கக் கத்தின. சுவருக்கு இந்தப் பக்கம் என் தொண்டைத் தண்ணீர்தான் வற்றியது.

“சார், நீங்களும் ஒரு ஆட்டம் போட வாங்க,” என்றாள் எட்டாம் வகுப்பு லூபே. “நீங்க சொல்றது இந்தக் காதுல வந்து அந்தக் காதுல போயிடுது. இது அப்படியே மனசுல நிக்குது.”

பற்றிக்கொண்டு வந்தது, ஐயா.

கூம்புச் சங்கு அட்டையை எடுத்துவிட்டு, பெனினாவின் கையெழுத்திலேயே வேறொன்று எழுதி வைத்தேன். ‘தொடலாம், ஐந்து கட்டம் முன்னே.’ அறுபது அட்டையில் ஒன்று, அவள் கவனிக்கவில்லை. ஐந்து கட்டம் சும்மா கிடைக்கும்போது பிள்ளைகளும் கேட்கவில்லை. யாராவது தேர்வில் அதைப் பிழையாக எழுதுவார்கள், தலைமையாசிரியர் பலகையைத் தூக்கி எறிவார். அவ்வளவுதான் நான் நினைத்தது.

தேர்வுக்கு முன்பு, கடல் வற்றும் நாளில் வகுப்பைத் திட்டுக்கு அழைத்துப்போவது எங்கள் வழக்கம். துணைக்குப் போனவன் நான். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தச் சங்கைப் பற்றி நடை பழகும்போதே தாய்மார் சொல்லிவிடுவார்கள். லூபே ஜனவரியில்தான் ஆக்லாந்திலிருந்து வந்தாள். அது எனக்கு மறந்துவிட்டது என்று நேற்று சொன்னேன். மறக்கவில்லை. பதிவேட்டில் அவள் பெயரை எழுதியதே நான்தான்.

பத்தடி தூரத்தில் குனிந்து எடுத்தாள்.

“சார், கூம்புச் சங்கு! அஞ்சு கட்டம் முன்னால!”

கீழே போடு என்று சொல்ல நேரம் இருந்தது. சொன்னால், அட்டையில் என்ன இருக்கிறது என்று பெனினா போய்ப் பார்ப்பாள். சரிதான் என்று தலையாட்டினேன்.

சங்கு அவள் உள்ளங்கையில் கொட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஆட்டம் ஆடினால் பிள்ளைகள் மண்டையில் எதுவும் ஏறாது, ஐயா. அதை மட்டும் மாற்றிச் சொல்லச் சொல்லாதீர்கள்.