நேரப்படி இணைப்பு

உங்கள் ஸ்டேஷனில் ரவுட்டரைத் தரையில், இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறீர்கள், மேடம். அங்கே வைத்தால் சிக்னல் எப்படி வரும்? வந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிவப்பு விளக்கு வேறு எரிகிறது. ஐந்து நிமிட வேலை. நீங்கள் அனுமதித்தால் நானே தூக்கி மேலே மாட்டிவிடுவேன். காலை ஆட்டாமல் உட்காரச் சொல்லி உங்கள் ஏட்டு இரண்டு முறை சொல்லிவிட்டார். பழக்கதோஷம், ஒரு விளக்கு சிவப்பாக எரிந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

அக்காவை வீட்டுக்கு அழைத்துப் போகத்தான் வந்தேன். காலையில் அவளாகவே இங்கே வந்து, "எங்கம்மாவ நான்தான் கொன்னேன், என்னை உள்ள வைங்க" என்று சொல்லியிருக்கிறாள். நீங்கள் அதட்டாமல் தண்ணீர் கொடுத்து வெளியே பெஞ்சில் உட்கார வைத்தீர்கள். பிறகு எனக்குப் போன் செய்து வரவழைத்து, அம்மா இறந்த அன்று மாலை வீட்டில் நெட் ஏன் போனது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு அவளைக் கூட்டிப் போகச் சொன்னீர்கள். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. இன்னும் இரண்டு தாள் வாங்கிக்கொண்டேன்.

பதினான்கு வருடமாக எங்கள் பகுதியில் வீடுகளுக்கு நெட் இணைப்புக் கொடுப்பது நான்தான். கம்பெனி மூன்று முறை பெயர் மாறிவிட்டது, நான் மாறவில்லை. என் பெயர் யாருக்கும் தெரியாது, நெட்காரர் என்றால் சின்னக் குழந்தைகூடக் கை காட்டும். சாவு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனாலும், "வந்ததுதான் வந்தீங்க, மாடியில கொஞ்சம் ஸ்லோவா இருக்கு, பாத்துட்டுப் போயிடுங்க" என்பார்கள். நான் கோபித்துக்கொள்வதில்லை. ஒரு வீட்டுக்குள் கூப்பிடாமலே போகிற உரிமை எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

ரவுட்டருக்குள் அமைப்புப் பக்கம் என்று ஒன்று உண்டு. நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் ஆரம்பிக்கும் எண்ணை அடித்தால் திறக்கும். கம்பெனி கொடுத்த பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் அதில் போட வேண்டும். அதற்குக் கீழே, எப்போது இணைக்கட்டும் என்று ஒரு கேள்வி இருக்கும். எப்போதும், தேவைப்படும்போது, கையால், நேரப்படி என்று நான்கு பதில்கள். எல்லோரும் 'எப்போதும்' என்பதை அழுத்திவிட்டு மூடிவிடுவார்கள். நான்காவதை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அதில் இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை நெட் வேண்டாம் என்று எழுதி வைக்கலாம். அந்த நேரத்தில் வைஃபை இருக்கும், விளக்குகள் எரியும், நெட் மட்டும் இருக்காது. பார்ப்பவர்களுக்கு லைனில் கோளாறு என்றுதான் தோன்றும்.

எங்கள் வீடு கீழ்த்தளத்தில் பின்பக்கம். மூன்று பக்கமும் உயரமான கட்டடங்கள். செல்போன் சிக்னல் உள்ளே எட்டிப் பார்க்காது, சந்து முழுக்க நடந்து தெருமுனைக்குப் போக வேண்டும். அதனால் போன் பேசுவதும் வைஃபை வழியாகத்தான். அந்த ஏற்பாட்டையும் நான்தான் செய்து கொடுத்தேன். வீட்டில் நாங்கள் மூன்று பேர். அம்மா இதய நோயாளி. அக்கா கணக்கு டீச்சர். அப்பா போனபிறகு என்னைப் படிக்க வைத்தவள் அவள். அம்மாவுக்கு முடியாமல் போனதும் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாகப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாள்.

முதல் முறை நெட் போனது என்னால் அல்ல. கம்பத்தில் அணில் கடித்துவிட்டது. பாடத்தின் நடுவில் போய்விட்டது என்று தெருமுனைக்கு ஓடிவந்து எனக்குப் போன் செய்தாள். நான் போய் ஏணி போட்டு ஏறி, கால் மணி நேரத்தில் சரிசெய்தேன். இறங்கும்போது கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் இல்லன்னா நான் என்னடா பண்ணுவேன்" என்றாள். நாற்பது வீட்டில் நன்றி கேட்ட காதுதான் எனக்கு. ஆனால் அதன்பிறகு இரண்டு நாள் வரைக்கும் அந்த வார்த்தை காதிலேயே இருந்தது.

அடுத்த மாதம் சித்தி இருக்கும் ஊரில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்கு அக்கா விண்ணப்பித்தாள். வேலை கிடைத்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அங்கேயே போய்விடுவதாகத் திட்டம். "சித்தி வீட்டு மாடி சும்மாதான் கிடக்கு. நீயும் வாயேன்டா, நெட்டு எல்லா ஊர்லயும்தானே இருக்கு" என்றாள். அந்த ஊரில் என்னை ஒரு குழந்தைக்கும் தெரியாது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

நேர்காணல் வீடியோவில், மூன்று மணிக்கு. நான் நேரப்படி என்பதை அழுத்தி, மூன்று ஐந்திலிருந்து நான்கு மணிவரை எழுதி வைத்தேன். அவ்வளவுதான். சாயங்காலம் நான் போனபோது அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். "நாலு பேரும் வாயத் தொறந்தபடி அப்படியே நின்னுட்டாங்கடா. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன், ஒருத்தர் கண்கூட இமைக்கல. அப்பதான் தெரியுது, நெட்டு போயிடுச்சுன்னு. வெண்ணெ திரண்டு வர்ற நேரத்துல தாழி உடஞ்ச கதையா ஆயிடுச்சு." நான் மேலே ஏறி ஒயரைத் துடைத்துவிட்டு இறங்கினேன்.

இரண்டாவது வேலைக்கு அவள் உஷாராகிவிட்டாள். எதிர்ச்சந்து தையல்காரம்மா வீட்டில் உட்கார்ந்து பேசப் போவதாகச் சொன்னாள். தையல்காரம்மா வீட்டு ரவுட்டரை அமைத்ததும் நான்தானே. கம்பெனி போட்ட பாஸ்வேர்டை எல்லா வீட்டிலும் மாற்றி என்னுடையதை வைத்திருக்கிறேன், பாதுகாப்புக்காக. அன்று தையல்காரம்மாவுக்கும் ஒரு மணி நேரம் நெட் இல்லை. "எனக்கு ராசியே இல்லடா" என்று அக்கா சொன்னாள். அப்படியெல்லாம் சொல்லாதே என்று நான்தான் தேற்றினேன்.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று ஒரு வார்த்தை உண்டு. நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. ஆனால் யாரும் கிள்ளாமலே அழுகிற பிள்ளைகளும் இருக்கின்றன. அக்காவுக்கு ஊரும் தெரியாது, மனிதர்களையும் தெரியாது. தொட்டிலை விட்டு இறங்கியிருந்தால் விழுந்திருப்பாள். நெட் போனால் பதறக் கூடாது, எதையும் தொடக் கூடாது, ஐந்து நிமிடம் பொறுத்தால் தானாக வந்துவிடும் என்று அவளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தேன். அவளும் சொன்ன பேச்சுக் கேட்பவள்.

முதலில் விண்ணப்பித்த அதே பள்ளிக்கூடம் மூன்று வாரம் முன்பு மறுபடியும் கூப்பிட்டது. புதன்கிழமை, காலை பதினொரு மணி. முந்தின நாளே பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை என்று எழுதி வைத்துவிட்டேன். அந்த ஒரு மணி நேரம் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்றும் யோசித்தேன். பக்கத்துத் தெருவிலேயே வேலை வைத்துக்கொண்டேன். அக்கறை இல்லாதவன் அப்படிச் செய்யமாட்டான்.

ஆனால் அன்று காலை எட்டு மணிக்கு மின்சாரம் போய், எட்டரைக்கு வந்தது. எங்கள் வீட்டு ரவுட்டர் பழையது, ஒரு வீட்டில் கழற்றிப் போட்டதை எடுத்து வந்து மாட்டியது. அதற்கு நேரத்தைக் கையால்தான் வைக்க வேண்டும். மின்சாரம் போனால் மறந்துவிடும். திரும்ப வரும்போது நள்ளிரவு பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டு அங்கிருந்து ஓட ஆரம்பிக்கும். நூறு வீட்டில் இதைச் சொல்லியிருக்கிறேன், என் வீட்டில் மறந்துவிட்டேன். தப்பு அந்தக் கடிகாரத்தில்தான் ஆரம்பித்தது.

பதினொரு மணிக்கு நான் ஏணியில் நின்றேன். பதினொன்று ஐந்து. பத்து. தெருமுனைக்கு ஓடிவந்து கூப்பிடுவாள் என்று போனையே பார்த்தேன். இறங்கினேன், ஏறினேன், மறுபடி இறங்கினேன். அந்த வீட்டு அம்மா, "ஏணிக்குக் கூலி குடுக்கவா, உங்களுக்குக் குடுக்கவா" என்று கேட்டார். பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் வந்தது, வீட்டு வைஃபையிலிருந்தே.

"கெடச்சிடுச்சுடா. ஒரு தடவகூட நெட்டு போகல. எல்லாம் நீ பாத்துப் பாத்து சரி பண்ணதுதான். சாயங்காலம் ஏழரைக்குப் பிரின்சிபால் பேசறாங்களாம். நான் சரின்னு ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சுது. சொல்லலன்னா அடுத்த ஆளக் கூப்பிட்டுடுவாங்களாம். அம்மா உன்கிட்டப் பேசணுங்கறா, இரு."

அம்மா, "மத்தியானம் சாப்பிட வந்துட்டுப் போப்பா" என்றாள். வேலை இருக்கிறது என்றேன்.

மேலே கடிகாரத்தில் தப்பு என்று எழுதினேன். அதை அடிக்க வேண்டாம், ஆனால் முழு உண்மை அதுவல்ல. போனை வைத்த உடனே எனக்கு விளங்கிவிட்டது. எட்டரை மணி அதற்குப் பன்னிரண்டு என்றால், இரவு ஏழரை அதற்குப் பதினொன்று. ஏழரையிலிருந்து எட்டரைவரை நெட் போகும். போய் மாற்றிவிட எனக்கு ஏழு மணி நேரம் இருந்தது. வண்டியை எடுத்து வீட்டுப் பக்கம் திருப்பவும் செய்தேன். பிறகு ஏழரைக்குத்தானே பிரின்சிபால் பேசுகிறார் என்று நினைவு வந்தது. திருப்பியதைத் திரும்பத் திருப்பினேன். தானாக வந்து விழுந்ததை ஏன் கலைக்க வேண்டும்?

மாலை ஏழேகாலுக்கு வேலை முடிந்துவிட்டது. நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். மூன்று தெரு தள்ளி, ஒரு மூடிய கடை முன்னால் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிக்குப் போய்ச் சரிசெய்யலாம் என்று கணக்கு. நிமிடத்துக்கு ஒரு தரம் போனை எடுத்து மணி பார்த்தேன்.

ஏழு முப்பத்தைந்துக்கு அம்மா நாற்காலியிலிருந்து சரிந்திருக்கிறாள். அக்கா ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள், போகவில்லை. முன் வீட்டுக் கதவைத் தட்டினாள், பூட்டியிருந்தது. மறுபடி போட்டாள், போகவில்லை. ஐந்து நிமிடம் பொறுத்தால் தானாக வந்துவிடும் என்று நான் பழக்கியிருந்தேன் அல்லவா, அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பொறுத்திருக்கிறாள். பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் தெருமுனைக்கு ஓடினாள். அங்கிருந்து ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, ஏழு நாற்பத்தெட்டுக்கு என்னைக் கூப்பிட்டாள். நான் போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் ஆம்புலன்சும் வந்தது. பத்து நிமிடம் முன்னால் கூப்பிட்டிருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

ஆம்புலன்ஸ்காரர்கள் அம்மாவின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தபோது, நான் சுவரோரமாக நின்று என் போனில் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். ரவுட்டருக்கு அப்போது காலை பதினொன்று முப்பத்தைந்து. 'எப்போதும்' என்பதை அழுத்தி மூடினேன். எல்லாப் போன்களும் ஒன்றாக ஒலித்தன. அக்காவின் போனில் பிரின்சிபாலின் தவறிய அழைப்புகள் இரண்டு இருந்தன.

எல்லாம் முடிந்த மறுநாள் அவளிடம் ஒன்று மட்டும் கேட்டேன். "நேத்து ரவுட்டர்ல கை வெச்சியாக்கா?"

"மத்தியானம் அலமாரியத் தொடச்சேன்டா. அது மேலயும் துணி பட்டுச்சு. வேல கெடச்ச சந்தோஷத்துல வீட்டையே தொடச்சேன்." அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியதைப் பார்த்தேன். "அதனாலயாடா?"

ஆமாம் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கேள்விதான் என்னுடையது, பதிலை அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். அதிலிருந்து பள்ளிக்கூடத்துப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு நேரத்துக்குச் சமைத்து வைத்துவிட்டு, ரவுட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் இருந்தாள்.

இதையெல்லாம் நான் எழுதியிருக்க வேண்டியதில்லை. துணி பட்டு ஒயர் ஆடிவிட்டது என்று நான்கு வரி போதும், நீங்களும் நம்பியிருப்பீர்கள். ஆனால் பேனாவைக் கையில் கொடுக்கும்போது, "அக்காவ சித்தி வீட்ல கொண்டுபோய் விடுங்க. அந்த ரூமையே பாத்துக்கிட்டிருந்தா இவங்க தேறமாட்டாங்க. நானே சித்திகிட்டப் பேசறேன்" என்றீர்கள். நல்ல மனதோடு சொன்னீர்கள். ஆனால் பிரின்சிபால், அம்மா இறந்த செய்தி தெரிந்து, அந்த இடத்தை மாதக் கடைசிவரை காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அங்கே போனால் அக்கா திரும்ப மாட்டாள்.

ஆகவே சித்திக்குப் போன் போட வேண்டாம். அம்மா செத்தது என்னால். நேரத்தை எழுதி வைத்தவன் நான், தெரிந்தும் மாற்றாமல் விட்டவன் நான், பழியை அக்கா தலையில் ஏற்றியவனும் நான். இதை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். தன் மேல் குற்றமில்லை என்று தெரிந்துவிட்டால் அவளுக்கு மனது லேசாகிவிடும், வீட்டை விட்டுப் போக வேண்டிய அவசியமும் இருக்காது. சட்டப்படி எனக்கு என்ன உண்டோ அதற்கு நாளைக்கு வந்து நிற்கிறேன். இப்போது எங்களைச் சேர்த்து அனுப்பிவையுங்கள், மேடம். அம்மாவும் போய்விட்டாள், இனி அக்காவுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.