ஆடுகிற பொம்மை

கிங்ஸ் சர்க்கிளில் செம்பூர் பஸ்ஸுக்காக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பாட்டு டீச்சர்கள், ஒரு மாமியும் ஓர் இளம்பெண்ணும்.

"இந்த நவராத்திரிக்கு என் கிளாஸ் கொலு விளையாட்டுல ஒரு பொம்மையும் அவுட் ஆகாது மாமி," என்றாள் இளையவள்.

"அரே, அவுட் இல்லாம என்னடி கேம்? பாட்டு நின்னா குழந்தைகள் பொம்மையா நிக்கணும். அசைஞ்சா அவுட். அவ்ளோதானே?"

"போன வருஷம் ரோஹன்தான் ஒவ்வொரு தடவையும் முதல் அவுட். அவனால ஒரு செகண்ட் சும்மா நிக்க முடியாது. அழுதுண்டே போனவன் கிளாஸுக்கே வரல. இப்பதான் அவன் அம்மாகிட்ட பேசி வரவழைச்சிருக்கேன்."

"அதுக்காக ரூலை மாத்துவியா?"

"மாத்தல. இந்தத் தடவை அவன் தலையாட்டி பொம்மை. உங்காத்துக் கொலுவுலயும் தஞ்சாவூர் பொம்மை இருக்கே, தலையை ஆட்டறதுன்னு என்னிக்காவது படியிலேர்ந்து எறக்கியிருக்கேளா?"

பஸ் வந்தது. ஏறும்போது மாமி திரும்பினாள்.

"பார்த்துக்கோ, நான்தான் தலையாட்டின்னு எல்லாக் குழந்தைகளும் சண்டை போடும்."

"போடட்டும் மாமி. எப்படி ஆடறதுன்னு ரோஹன்கிட்டதான் வந்து கத்துக்கணும்."